மோகனா கேட்ட செலவு

“செலவுன்னா காசுதானே? வேற என்ன அர்த்தம் இருக்க முடியும், நீயே சொல்லு,” என்று மாமா மறுபடியும் ஆரம்பித்தார்.

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். எதிரே சுவர்த்திரையில் அந்த அறிவிப்பு காலையிலிருந்து சிவப்பாக நின்றுகொண்டிருந்தது. குழந்தைக்கு விலை பேசப்பட்டதாகக் கருதப்படுவதால், விசாரணை முடியும்வரை எல்லாக் கொடுப்பனவுகளும் நிறுத்தப்படுகின்றன. இரு தரப்பும் பேசிக்கொள்ளக் கூடாது. விலை பேசியது உறுதியானால் குழந்தை அரசு இல்லத்துக்குப் போகும்.

“அவ அப்படிக் கேக்குற ஆள் இல்ல, ஷ்ரவண்,” என்றாள் அக்கா கடைசியில்.

“கேட்டாளே மிது. நம்ம ரெண்டு பேரும்தான காதால கேட்டோம். காப்பு உன்னைக் கேட்டப்ப நீதான ஆமான்னு சொன்ன?”

சொன்னாள். அதுதான் பிரச்சினை. எனக்கு அன்றைக்கு இரண்டு பேர் மேலும் எரிச்சல், காப்பு மேல் அதைவிட எரிச்சல்.

காப்பு தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் தத்துக் கொடுக்கும் பெண்ணுக்கு ‘பிரசவச் செலவு’ என்ற பெயரில் தரகர்கள் எதை வேண்டுமானாலும் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஸ்கூட்டர், வீட்டு அட்வான்ஸ், ஒரு வழக்கில் மாடிக்குப் படிக்கட்டு. எல்லாம் செலவுதான், விலை இல்லையாம். அதனால்தான் சட்டம் வந்தது: வயிற்றிலிருக்கும் குழந்தைக்குப் போய்ச் சேருவதை மட்டும் தத்தெடுப்பவர்கள் கொடுக்கலாம். பெற்றவளுக்கு என்று ஒரு வாய் சோறு கொடுத்தாலும் அது விலை.

சரி, ஒரு வாய் சோற்றில் எது குழந்தைக்கு, எது அம்மாவுக்கு? அதைப் பிரிக்கத்தான் காப்பு. கையில் வளையல் மாதிரி கிடக்கும். குழந்தையின் செல்களுக்கு ரத்தத்தில் தனி முத்திரை உண்டு, அந்த முத்திரையைப் பின்தொடர்ந்து சாப்பிட்டதில் எவ்வளவு அந்தப் பக்கம் போனது என்று காப்பு பார்க்கும். அந்தப் பங்குக்கு மட்டும் எங்கள் கணக்கிலிருந்து பணம் போகும். மீதி அவள் சொந்தச் சாப்பாடு. கூடவே இரண்டு தரப்பும் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்கும், யாராவது மறைமுகமாக விலை பேசுகிறார்களா என்று.

நான் சென்சார் பொறியியல் படிக்கிறேன், இரண்டாம் ஆண்டு. காப்பு வந்தபோது எங்கள் வகுப்பே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அக்காவும் மாமாவும் தத்தெடுப்பை நடத்தும் மகவேற்பு மன்றத்தில் பெயர் பதிந்து, ஊத்துக்குளியில் இருக்கும் மோகனப்பிரியா என்ற பெண்ணோடு இணைக்கப்பட்டபோது அக்காவைவிட நான்தான் குதித்தேன். தினம் மோகனாவின் பங்குக் கோட்டைப் பார்ப்பேன். அவள் பரோட்டா தின்றால் அதில் ஓரத்தில் ஒரு கிழிசல் எங்களுடையது. டவுன் பஸ்ஸில் போனால் சீட்டில் ஒரு விளிம்பு எங்களுடையது. மாதாந்திரப் பேச்சில் நான் அதைச் சொல்லிச் சிரித்தபோது மோகனா சொன்னாள்:

“அதுக்கு சன்னலோரம் குடுத்துட்டனுங்க. நான் கம்பியப் புடிச்சு நின்னுக்கறேன்.”

அவளைக் கட்டியவன் எங்கேயோ போய்விட்டான். மூத்த பெண் ஒருத்தி இருக்கிறாள். இரண்டு பேரை வளர்க்க முடியாது என்பதை அழாமல், விலாசம் சொல்வது மாதிரி சொன்னவள். எட்டாவது மாதம் வரைக்கும் தனக்கென்று ஒன்று கேட்டதில்லை. இந்த மாதப் பேச்சு முடியும்போதுதான், போகிற போக்கில், “எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க. புள்ள பொறந்ததும் செலவு மட்டும் வாங்கிக் குடுத்துருங்க, அது போதும்,” என்றாள்.

காப்பு உடனே அக்காவின் திரையில் ஒரு கேள்வி போட்டது: பிறப்புக்குப் பின் செலவு தருமாறு கேட்கப்பட்டதா?

அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். ஆமாம் என்றாள்.

அடுத்த நாலைந்து நாட்கள் நான் மன்றத்தின் உதவிக் குரலோடு மல்லுக்கட்டினேன். தேன் ஒழுகப் பேசும் ஒரு பெண் குரல். அந்தப் பேச்சை முழுசாகப் பாருங்கள், அவள் காசு என்றே சொல்லவில்லை என்றேன். ‘செலவு என்பது பணம் செலவிடப்படுதலைக் குறிக்கும் பெயர்ச்சொல்’ என்றது. ஒரு மனிதரிடம் பேச வேண்டும் என்றேன். உங்கள் வருத்தம் புரிகிறது என்றது. புரிகிறதாம். திரும்பத் திரும்ப அதே இடத்தில் கொண்டு வந்து விட்டது. இதற்கிடையே மோகனாவுக்கு டாக்டர் செலவு நின்றுவிட்டது, சாப்பாட்டுப் பங்கு நின்றுவிட்டது. அவள் என்ன செய்கிறாள் என்று கேட்கவும் அக்காவுக்கு அனுமதி இல்லை.

எனக்கு இருந்தது. அக்காவின் தங்கை ‘தரப்பு’ கிடையாது என்று விதியில் படித்துவிட்டு ஊத்துக்குளிக்கு ரயில் ஏறினேன். மாமா ஸ்டேஷன் வரைக்கும் வந்து, அவளே காசு வேண்டும் என்று சொன்னால் வாதாடாதே, திரும்பி வந்துவிடு என்றார். அவர் கெட்டவர் இல்லை. தொட்டில் வாங்கிப் பிரிக்காமல் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிற மனிதர். பயத்தில் அப்படிப் பேசினார்.

மோகனா ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டிருந்தாள். வயிறு டேபிளில் இடிக்காமல் இருக்க ஒருக்களித்து நின்று, பனியன்களைப் புரட்டிப் புரட்டி ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் காப்பு. டீ இடைவேளையில் வெளியே வந்தவளிடம் நான் நேராகவே கேட்டேன், பிள்ளை பிறந்ததும் எவ்வளவு பணம் எதிர்பார்க்கிறீர்கள் என்று.

“பணமா? எந்தப் பணமுங்க?”

“செலவு வேணும்னு கேட்டீங்கல்லக்கா.”

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

“ஏனுங் அம்மிணி, உங்கூர்ல கொழம்புக்கு செலவு அரைக்க மாட்டீங்களா? மொளகு, திப்பிலி, சுக்கு, சித்தரத்தை, ஓமம்... அதானுங்க செலவு. கடையில போயி புள்ள பெத்தவளுக்குச் செலவு குடுங்கன்னா கட்டிக் குடுப்பாங்க. வறுத்து அரைச்சு, பூண்டு போட்டு கொழம்பு வெச்சுத் திங்கோணும். அப்பத்தான் ஒடம்பு வத்தும்.”

நான் அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். சென்னையில் பிறந்து வளர்ந்த எங்கள் மூன்று பேருக்கும், சென்னையிலேயே செய்த அந்தக் காப்புக்கும், இது தெரியவில்லை. அவள் கேட்டது ஒரு பொட்டலம் மிளகு, சுக்கு. சிரிப்பும் வந்தது, யாரையாவது அடிக்கலாம் போலவும் இருந்தது.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. அத நீங்களே வாங்கிக்கலாமே. இத்தன கூத்து வேண்டாமே.”

அவள் சிரிப்பு நின்றது. “மூத்தவளுக்கு அப்பிடித்தான் பண்ணுனேன். நானே போயி வாங்கி, நானே அரைச்சு, நானே வெச்சுத் தின்னேன். ஒடம்பென்னவோ வத்துச்சு.” டீயைக் கையில் எடுத்தாள், குடிக்கவில்லை. “நாமளே வாங்குனா அது மருந்துங்க. இன்னொருத்தரு வாங்கிக் குடுத்தாத்தான் செலவு.”

அவள் சொன்னது அத்தனையையும் பதிவு செய்துகொண்டேன். மன்றத்துக்கு அனுப்பி, இன்னொரு வாரம் உதவிக் குரலோடு சண்டை போட்டு, கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு மனிதர் முன்னால் விசாரணை வாங்கினேன். மனிதர். அந்த வார்த்தையைக் கேட்டதற்கே அக்கா அழுதாள்.

அந்த அதிகாரியின் பெயர் ரெஜினா. பல்லடத்துக்காரர். அக்கா, மாமா, நான், மூலையில் ஒரு நாற்காலியில் மோகனா. பதிவை ஓடவிட்டதும் ரெஜினா தலையில் கை வைத்துக்கொண்டார். தன் வீட்டில் இன்றைக்குக் காலையில்கூட செலவு ரசம்தான், இந்த மெஷினுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் ஒருத்தனும் ஈரோடு தாண்டி வந்ததில்லை போல என்றார். தன் கையாலேயே அந்தச் சொல்லுக்கு நேராகப் பொருளைத் திருத்தினார். பணம் இல்லை, மருந்துச் சரக்கு. காப்பு மறுபடி யோசித்தது. நான் மாமாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினேன். அவர் மோகனாவைப் பார்த்து ஒரு மாதிரி தலையைத் தாழ்த்தினார், மன்னிப்புக் கேட்பதுபோல.

திரை மறுபடி சிவப்பானது.

“என்ன மேடம் இது?” என்றேன்.

ரெஜினா படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். “இப்ப அதுக்கு நல்லாவே புரிஞ்சிருச்சு. அதான் பிரச்சின. செலவு எப்பத் திங்கறது? பொறந்ததுக்கு அப்புறம். தொப்புள்கொடி அறுத்துட்டா அம்மா திங்கறது எதுவும் கொழந்தைக்குப் போகாது. முழுக்க முழுக்க அம்மா ஒடம்புக்கு. அப்ப அது என்ன?”

“விலை,” என்றார் மாமா மெதுவாக.

“ஸ்கூட்டரும் விலை, சுக்கும் விலை. அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

நான் கத்தினேன் என்று அக்கா பிறகு சொன்னாள். எனக்கு நினைவில்லை. தப்பாகப் புரிந்துகொண்டால் குற்றம், சரியாகப் புரிந்துகொண்டால் அதைவிடப் பெரிய குற்றம். இப்படி ஒன்றை எதற்குச் செய்ய வேண்டும்? செய்தவர்களை நாங்கள் வகுப்பில் கைதட்டி வரவேற்றோமே.

ரெஜினா என்னை அடங்கவிட்டு, இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, கேட்டதை வாபஸ் வாங்குகிறேன் என்று மோகனா சொன்னால் போதும், எல்லாம் பழையபடி நடக்கும். ஆனால் அதற்குப் பிறகு யாரும் திருட்டுத்தனமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. வாங்கினால் யார் கணக்கிலிருந்து என்று மன்றம் துருவிக் கண்டுபிடித்துவிடும். இன்னொன்று, மோகனா குழந்தைக்குப் பால் கொடுப்பது. கொடுத்தால் அவள் தின்பதில் ஒரு பங்கு குழந்தைக்குப் போகும். செலவு சட்டப்படி குழந்தைச் செலவாகிவிடும், யாரும் கேட்க முடியாது.

“அப்ப அதையே பண்ணிடலாமே,” என்றேன்.

“முழுசாக் கேளு. பால் குடுத்தவகிட்ட, பால் நிறுத்துற அன்னிக்கு, மறுபடி சம்மதம் கேக்கோணும். மாட்டேன்னு அவ சொன்னா, அதோட முடிஞ்சுது. கொழந்த அவளோடது.”

மூலையிலிருந்து மோகனாவின் குரல் உடனே வந்தது. “வேண்டாமுங்க மேடம். வாபஸ்னே எழுதிக்கங்க. இத்தன தூரம் போகும்னு தெரிஞ்சிருந்தா நான் வாயவே தொறந்திருக்க மாட்டேன்.”

அவ்வளவுதான். முடிந்திருக்கும். மாமா மூச்சை விட்டார். ரெஜினா எழுதப் போனார். அக்காதான், “ஒரு நிமிஷம் மேடம்,” என்றாள்.

வெளியே வராந்தாவில் அவர்கள் இரண்டு பேரும் பேசியதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மாமா கையை விரித்து விரித்துப் பேசினார். பத்து வருஷம் காத்திருந்தது, சிகிச்சைகள், கலைந்துபோன இரண்டு கர்ப்பம், எல்லாவற்றையும் அந்தக் கை சொன்னது. அக்கா அதிகம் பேசவில்லை. திரும்பி உள்ளே வரும்போது கண் சிவந்திருந்தது.

“பால் குடுக்கட்டும் மேடம். அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. அதையும் வாபஸ் வாங்க வெச்சுட்டு நான் அந்தக் குழந்தைய எப்படித் தூக்குறது?”

மோகனா அக்காவை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

பையன் பிறந்தான். அக்கா ஊத்துக்குளியில் மோகனாவின் அறைக்கு எதிரிலேயே ஒரு அறை பிடித்துத் தங்கினாள். கடையில் போய்ச் செலவு வாங்கி வந்தது அக்காதான். கடைக்காரர் யாருக்கு என்று கேட்டதற்கு ‘எங்க வீட்ல’ என்று சொன்னாளாம். வறுக்கத் தெரியாமல் மிளகைக் கருக்கி, ஒரே வரிசையிலிருந்த அந்த லைன் வீடு முழுக்க இருமல். மோகனா படுத்தபடியே இருமிக்கொண்டு, அனலைக் குறைங்க, ஓமத்த அப்புறம் போடுங்க, ஐயோ அக்கா அது கரி என்று கத்தினாள். அந்தக் கரிக் குழம்பைச் சோற்றில் பிசைந்து, கண்ணில் தண்ணீர் வர முழுக்கத் தின்றாள். காரத்தால் என்று சொல்லிக்கொண்டாள்.

முதல் வாரம் பால் கொடுக்கும் நேரமெல்லாம் அக்கா வெளியே போய்விடுவாள். தண்ணீர் பிடிக்க, துணி காயப்போட, சும்மாவேனும். நான் வார இறுதிகளில் போவேன். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பையன் என்ன செய்தும் அழுகையை நிறுத்தவில்லை. அக்கா தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள், பாடினாள், நான் திரையில் ஏதேதோ காட்டினேன். எதிர் அறையிலிருந்து மோகனா, “என்னடா சாமி,” என்றாள், அவ்வளவுதான். நிறுத்திவிட்டான். அக்கா அவனைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தாள். அன்றைக்கு வெளியே போகவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்து அவன் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அக்கா முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியமில்லை.

மாமா தினம் ஃபோனில் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார். அவ மனசு மாறுற மாதிரி தெரியுதா? தெரியவில்லை மாமா என்பேன். எனக்கு நிஜமாகவே தெரியவில்லை.

பால் நிறுத்தும் நாளில் ரெஜினா வந்தார். எங்களை வெளியே அனுப்பிவிட்டு மோகனாவிடம் தனியாகப் பேசினார். மாமா வாசலில் செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக இருந்தார். கதவு திறந்தபோது மோகனா பையனைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு நின்றாள். அக்காவிடம் நீட்டினாள்.

“புடிங்க. கழுத்தப் பாத்து.”

கழுத்தைப் பார்த்துப் பிடிக்க அக்காவுக்கு ஒரு மாதமாகவே தெரியும். ஆனாலும் தலையாட்டிக்கொண்டு வாங்கினாள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதவே மாட்டேன்.

பால் கொடுத்ததால், சட்டப்படி மோகனாவின் ரத்தத்தில் குழந்தைப் பங்கு ஒன்றுமில்லாமல் சுழி ஆகும்போது காப்பு தானாகக் கழன்று விழும். அது விழுந்ததும் கோப்பு மூடப்படும், அக்கா அம்மாவாவாள். பால் வற்றியதும் இரண்டொரு நாளில் விழும் என்றார்கள். விழவில்லை. ஒரு வாரம். ஒரு மாதம். மோகனா வேலைக்குத் திரும்பிவிட்டாள், அவள் காப்பில் பனியன் நூல் மாட்டி மாட்டி அறுந்தது. அவள் சோறு தின்றால் இன்னும் ஒரு சிட்டிகை எங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டிருந்தது. உதவிக் குரலிடம் போனேன். பொறுமை காக்கச் சொன்னது. உங்கள் வருத்தம் புரிகிறது என்றது. நான் தலையணையை விட்டெறிந்தேன்.

ரெஜினா மேலிடத்தில் கேட்டுவிட்டுச் சொன்னார், இதுவரை ஒரு காப்பும் இப்படி அடம்பிடித்ததில்லையாம். மற்றவற்றையெல்லாம் பிரசவ அறையிலேயே, தொப்புள்கொடி அறுத்த கையோடு கழற்றிவிடுவார்களாம். பிறப்புக்குப் பிறகும் கையில் கிடந்த முதல் காப்பு மோகனாவுடையதுதான். எனவே மன்றம் ஒரு வழி சொன்னது. காப்பு பழுதாகிவிட்டது என்று இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டால் வெட்டி எடுத்துவிட்டு, கோப்பை மூடிவிடலாம். ஒருவர் மறுத்தாலும் கோப்பு மூடாது.

மோகனா அன்றைக்கே ஒப்புக்கொண்டுவிட்டாள்.

அக்கா மட்டும் என்னைக் கூப்பிட்டாள். “நீதான் சென்சார் படிக்கிறவ. அது நிஜமா பழுதா, பார்த்துச் சொல்லு வர்ஷி.”

நான் மோகனாவின் அத்தனை பதிவுகளையும் எடுத்துக்கொண்டு என் பேராசிரியரிடம் ஓடினேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு, இது பழைய சங்கதிதானம்மா, டாக்டர்களுக்கு எப்பவோ தெரியும், காப்பு செய்தவர்கள்தான் மறந்துவிட்டார்கள் என்றார். வயிற்றில் இருக்கும்போதே குழந்தையின் செல்கள் கொஞ்சம் அம்மாவின் ரத்தத்துக்குள் போய்விடுமாம். போய், இதயத்திலோ ஈரலிலோ எலும்புக்குள்ளோ குடியேறிவிடும். பிள்ளை பிறந்து எத்தனையோ வருஷம் கழித்தும் அங்கேயே உயிரோடு இருக்கும். எல்லா அம்மாவுக்கும் அப்படித்தான். உயிரோடு இருப்பதற்கு அதற்கும் சாப்பாடு வேண்டும். மோகனா சாப்பிடும் சோற்றில் ஒரு சிட்டிகை பையனுக்குத்தான் போகிறது. சென்னையில் அக்கா மடியில் இருக்கிற பையனுக்கு இல்லை, மோகனாவுக்குள்ளே இருக்கிற பையனுக்கு.

அக்காவிடம் வந்து சொன்னேன். மாமாவும் இருந்தார்.

“அப்ப எப்பதான் சுழியாகும்?” என்று மாமா கேட்டார்.

“ஆகாது மாமா.”

“அவ செத்தாத்தானா?”

கேட்டுவிட்டு அவரே வெட்கப்பட்டு எழுந்து போய்ப் பையனின் துணியை மடிக்க ஆரம்பித்தார்.

“பழுதுன்னு போடுக்கா,” என்றேன். “ஒரு வார்த்த. மோகனாக்காவே போட்டுட்டாங்க.”

“நீ என்ன கண்டுபிடிச்ச? பழுதா, இல்லையா? அத மட்டும் சொல்லு.”

எனக்கு அழுகை வந்தது. “இல்லக்கா. இவ்வளவு சரியா அது என்னைக்குமே வேலை செஞ்சதில்ல.”

அக்கா பையனை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, திரையில் ‘பழுதில்லை’ என்று போட்டாள்.

கோப்பு மூடவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை அக்கா போய்ப் புதுப்பிக்க வேண்டும். பையனின் எல்லாச் சான்றிதழ்களிலும் ‘தாய்’ என்ற இடத்தில் ‘தற்காலிகம்’ என்று வரும். கோப்பு திறந்தே இருப்பதால், இரு தரப்பும் பேசிக்கொள்ளத் தடை மட்டும் இல்லை. அன்று சாயங்காலமே மோகனா கூப்பிட்டுத் திட்டினாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

“ஏனுங்கக்கா, நான்தான் மனசார ஒரு பொய் சொன்னனல்லோ? நீங்களும் கூடச் சேந்து சொல்லியிருந்தா இன்னேரம் முடிஞ்சிருக்கும். உங்களுக்குக் கொழந்த வேண்டாமா?”

“வேணும் மோகனா. அவன் உங்களுக்குள்ள உக்காந்து இன்னும் சாப்பிட்டுட்டு இருக்கானாம். நான் எப்படி அவன இல்லேன்னு எழுதுறது?”

நான் இணைப்பு போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“அப்பிடியா சொல்றாங்க?” என்றாள் மோகனா கடைசியில். “இன்னும் இருக்கானா?” பிறகு, குரலைத் தாழ்த்தி, “அப்ப மூத்தவளும் இருப்பாளுங்களா?”

இருப்பாள் என்று நான் சொன்னேன். அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

இதெல்லாம் நடந்தது போன வருஷம். விஷயம் வெளியே தெரிந்து, வேறு பல பெண்கள் எங்கள் காப்பையும் கழற்றாதீர்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு கோப்பும் மூட முடியாமல் மன்றம் திணறுகிறது. இப்போது ஒரு திருத்தம் கொண்டுவரப் போகிறார்கள். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்கும் பங்கைச் சுழி என்றே கொள்ளலாம் என்று. அதற்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். ‘ஏற்கிறேன்’, ‘மறுக்கிறேன்’, இரண்டில் ஒன்றைத் தொட வேண்டும்.

ஏற்கிறேன் என்று எல்லாரும் தொட்டால் அக்கா உடனே முழு அம்மா. மாமா நிம்மதியாகத் தூங்குவார். மோகனாவின் கை லேசாகிவிடும். அவளுக்குள் இருக்கிறவனைச் சட்டம் மட்டும் இல்லை என்று சொல்லும், அவன் பாட்டுக்கு இருப்பான். மறுக்கிறேன் என்று தொட்டால் உண்மை அப்படியே நிற்கும். ஆனால் அக்கா மாதிரி எத்தனையோ பேர் தற்காலிக அம்மாக்களாகவே கிழவிகளாவார்கள், அதைப் பார்த்துப் பயந்து இனி யாரும் தத்தெடுக்கவே முன்வராமல் போகலாம். அக்காவிடம் கேட்டால், நான் என் பதிலைப் போட்டுவிட்டேன், உன்னுடையது உன் பாடு என்கிறாள். மோகனாக்காவிடம் கேட்டால், இந்த மாசம் செலவு அரைச்சு அனுப்பறேன், சளிக்கு நல்லது, அக்காவுக்குக் குடு என்று பேச்சை மாற்றுகிறாள். நான் இதுவரை நாலு தடவை அந்தத் திரையைத் திறந்து மூடிவிட்டேன், விரல் போகமாட்டேன் என்கிறது.

அதனால்தான் இவ்வளவையும் எழுதினேன். நிஜமாகவே தெரியாமல் கேட்கிறேன், நீங்களாக இருந்தால் எதைத் தொடுவீர்கள், ஏன்?